மூட்டமான நாளில் உன் முகம்

ஸ்டெல்லா,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். "அம்மா, இங்க ஒரே மூட்டமா கீது, வெளிய போட்டோ எடுத்தா அல்லாம் சாம்பல் பூசின மாதிரி வருது, நீ மட்டும் எப்டிம்மா எடுக்கறே?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால் கிடைக்கும் என்று போனேன். தூறல் பிடித்துக்கொண்டது, பாறை வழுக்கியது, திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிடாதே. உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு, மாப்பிள்ளையும் படிக்கட்டும். யாருக்கும் தெரியக்கூடாதது எதுவும் இதில் இல்லை. அப்படி எதுவும் இல்லாமல் போனதுதான் எனக்கு இப்போது இருக்கிற நிம்மதியே.

கல்யாணம் முடிந்து உன்னைக் கலசப்பாக்கத்துக்கு அனுப்பியபோது நான் அழவில்லை என்று இங்கே எல்லோருக்கும் ஒரே ஏமாற்றம். "இன்னாக்கா, பொண்ண அனுப்பிட்டு இப்டி சிரிச்சிக்கினு நிக்கறே?" என்று எதிர்வீட்டுக்காரி நேரடியாகவே கேட்டுவிட்டாள். பெண்ணைக் கரையேற்றிவிட்ட சந்தோஷம் என்று அவள் நினைத்திருப்பாள். அது இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறவள் நீ. கல்யாணம் நடக்காமல் போயிருந்தாலும் கரையில்தான் இருந்திருப்பாய். என் நிம்மதி வேறு. விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் வெகுதூரம் வந்தவள், அதை இறக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாளே, அந்த மாதிரி. அது என்ன கட்டு, எங்கே இறக்கினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். நடுநடுவே நீ கேட்டதற்கும் பதில் வரும், பொறுக்கி எடுத்துக்கொள்.

முதலில் போனைத் துடை. சிரிக்காதே. மூட்டமான நாளில் காற்று முழுக்க ஈரம், நம் கையிலோ எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. கேமராக் கண்ணாடியில் அது இரண்டும் சேர்ந்து ஆடை படிந்த மாதிரி நிற்கும். நூல் புடவைத் தலைப்பால் ஒரு துடைப்பு போதும். பாலியெஸ்டர் வேண்டாம், தேய்க்கத் தேய்க்க மெழுகும். நீ சொன்ன சாம்பலில் பாதி இதிலேயே போய்விடும். மீதி, வானத்தால் வருவது. மூடிக்கிடக்கிற வானம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் போனுக்கு அது துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று இருக்கும். படத்தில் பாதி வானம் வந்துவிட்டால், வெளிச்சம் மிதமிஞ்சி இருக்கிறது என்று போன் நினைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். ஆளுடைய முகம் கரியாகிவிடும், வானம் வெறும் காகிதமாக நிற்கும். அதனால் வானத்தைப் படத்துக்குள் விடாதே. ஆளுக்குப் பின்னால் மரமோ வைக்கோல் போரோ கரும்புத் தோட்டமோ, அடர்த்தியாக ஏதாவது வரட்டும். எனக்கு இங்கே சரிவு இருக்கிறது, மேல் வரப்பில் நின்று கீழே பார்த்து எடுத்தால் வானமே வராது. உங்கள் ஊர் சமவெளி. களத்து மேட்டிலாவது மாட்டு வண்டியிலாவது ஏறி நின்றுகொண்டு எடு.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாமையும் புளியும் பலாப்பழமும் விற்கப்போய் வந்த பழக்கம். எங்கள் மகளிர் குழுவில் போனில் படம் போட்டு விற்கலாம் என்று தொடங்கியபோது, நல்ல வெயிலாகப் பார்த்து, உச்சிவேளையில், மொட்டை மாடியில் சாமையைக் கொட்டிப் படம் எடுத்துப் போட்டேன். மின்னியது. வேலூரில் இருந்து ஓர் அம்மா வாங்கினார்கள். மூட்டை போய்ச் சேர்ந்ததும் போனில் குரல் பதிவு செய்து அனுப்பினார்கள்: "படத்துல வெள்ளையா இருந்துச்சிங்க, வந்தது பழுப்பா கீதுங்க. மாத்தி அனுப்பிட்டீங்களா?" நான் எதையும் மாற்றவில்லை. அதே சாமைதான். ஆனால் அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் பழுப்பு, படத்தில் பார்த்தால் வெள்ளை. இரண்டு மூன்று நாள் அதே யோசனையாக இருந்தேன். காலையில் எடுத்தேன், நிழலில் எடுத்தேன், விளக்கின் கீழ் எடுத்தேன். ஒருநாள் மலை முழுக்க மேகம் கவிழ்ந்து கிடந்தபோது முற்றத்தில் முறத்தில் வைத்து எடுத்தேன். கையில் இருந்த சாமை அப்படியே படத்திலும் இருந்தது, ஒரு மணி கூட நிறம் மாறவில்லை. வெயில் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டும், மறுபக்கத்தை அமுக்கிவிடும். மூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலும் இருந்து மெதுவாக இறங்குகிறது. அது எதையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அன்றிலிருந்து நான் வெயிலில் படம் எடுப்பதை விட்டேன். "ஊரே வெயில் அடிக்கணும்னு வேண்டிக்குது, இவ மூட்டம் போடணும்னு வேண்டிக்கறா" என்று அப்பா தன் வாடகை ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்தச் சாமைக் கதைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது உனக்கு உதட்டோரம் ஒரு பொட்டு வெளுத்தது. பிறகு இடது கண்ணைச் சுற்றி. பிறகு விரல்களில். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இது யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, தோலில் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான். எங்களுக்கு அது புரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காராதவர்களுக்குப் புரியவில்லை. நீ அழுது நான் பார்த்ததில்லை, ஆனால் படங்களில் இருந்து நீ காணாமல் போனாய். உன் சித்தி மகனுக்கு மாதா கோயிலில் முதல் நற்கருணை, அந்தப் புதுநன்மை, கொடுத்த அன்று எடுத்த படத்தில் நீ இல்லை. கிறிஸ்துமஸ் படங்களில் இல்லை. எல்லோரும் வரிசையாக நிற்கத் தொடங்கும்போது உனக்கு அடுப்பில் ஏதாவது தீயும். லேப்பில் வேலைக்குச் சேர்ந்ததும் கழுத்தில் போடுகிற அட்டைக்குப் படம் எடுத்தார்கள், எடுத்தே ஆக வேண்டும். அவர்கள் ஃபிளாஷ் போட்டு எடுத்தார்கள். ஃபிளாஷ் வெளுத்த இடத்தை இன்னும் வெளுக்கும். கண்ணைச் சுற்றி ஓட்டை விழுந்த மாதிரி ஒரு படம். லீவில் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன், அந்த அட்டையை நீ திருப்பிப் போட்டிருந்தாய். முகம் உன் சட்டைப் பக்கமாகவும் வெறும் முதுகு ஊருக்காகவும். அன்று நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சு பேசுவாய் என்று தெரியும்.

ஆகவே ஒருபோதும் ஃபிளாஷ் போடாதே. மூட்டமாக இருக்கிறதே, இருட்டாக வருமே என்று போன் தானாகவே போடப் பார்க்கும். அந்த மின்னல் குறியைத் தொட்டு நிறுத்திவிடு. இன்னொன்றையும் நிறுத்து. இப்போது வருகிற போன்களில் முகத்தை வழவழவென்று ஆக்கிக் காட்டுகிற வசதி ஒன்று கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கிறது. மரு, தழும்பு, கோடு எல்லாவற்றையும் அதுவே துடைத்துவிடும். உன் மாமியாரைப் படம் எடுக்கும்போது பார், அவர்கள் நெற்றிச் சுருக்கத்தைக் கூடத் தின்றுவிடும்.

வரன் வந்தபோது அதைத்தானே நாம் அனுபவித்தோம். கணியம்பாடியில் இருக்கிற உன் அத்தை, அப்பாவின் அக்கா, அவர்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் மூலமாகக் கலசப்பாக்கத்துப் பையனைச் சொன்னார்கள். விவசாயக் குடும்பம், பையன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு மோட்டார் வேலை பார்க்கிறான், அமைதியானவன், அம்மா மட்டும்தான். படம் வேண்டும் என்றார்கள். அத்தையே உன்னைத் திருப்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார்கள். அந்த ஸ்டூடியோக்காரர் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு என்று வருகிற எல்லோருக்கும் செய்வதை உனக்கும் செய்தார். கையில் வாங்கிப் பார்த்தால், கண்ணைச் சுற்றி எதுவும் இல்லை, உதட்டோரம் எதுவும் இல்லை, நிறமும் ஏறியிருந்தது. நீ வெகுநேரம் பார்த்தாய். "நல்லா கீது. யாரும்மா இது?" என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தாய். அதை அனுப்ப வேண்டாம் என்று நாம் பேசி முடிப்பதற்குள் அத்தை அனுப்பிவிட்டிருந்தார்கள். பையன் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா, மாமா என்று ஒரு வண்டி நிறையப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தபோது நீ லீவில் வந்து அப்போதுதான் பையைக் கீழே வைத்திருந்தாய்.

"வரட்டும் பாப்பா. நேர்ல பாத்தா அவங்களுக்கே புடிச்சிடும்" என்றார் அப்பா. அத்தை போனில் சொன்னதை அப்படியே சொன்னார்.

"நேர்ல வந்து ஏமாந்து போறதுக்காப்பா? இம்மாந்தூரம் மலை ஏறி வந்து, வூட்ல ஒக்காந்து, என் மூஞ்சியப் பாத்துட்டு, டீயக்கூட குடிக்காம எழுந்து போவாங்க. அத நா நின்னு பாத்துக்கினு இருக்கணுமா?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "நீ எடும்மா. இன்னிக்கே எடு. நா எப்டி கீறனோ அப்டியே எடு. நானே அவருக்கு அனுப்பறேன்."

ஸ்டெல்லா, அப்போது நான் பயந்துவிட்டேன். வரன் தட்டிப்போகும் என்ற பயம் இல்லை. தட்டிப்போனால் போகட்டும். என் பயம் எல்லாம், நான் எடுக்கிற படத்தையும் நீ அந்தக் கழுத்து அட்டையைத் திருப்பின மாதிரி திருப்பிவிடுவாயோ என்பதுதான். பலாப்பழத்தை உள்ளது உள்ளபடி எடுப்பது வேறு. பத்து வருடத்துக்கு மேல் தானாக விரும்பிக் கேமராவுக்கு முகம் காட்டாத பெண்ணை எடுப்பது வேறு. படம் சரியில்லாமல் போனால் இன்னொரு தடவை நீ கேட்கமாட்டாய் என்று தெரியும்.

வெளியே வந்து வானத்தைப் பார்த்தாய். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது. "வெளிச்சமே இல்லியேம்மா. நாளைக்கு வெயில் வந்தா எடுக்கலாம்" என்றாய். "வெயில் வேணாம். இதாண்டி வெளிச்சம், வா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனேன். நீ பச்சைச் சுடிதார் போட்டிருந்தாய், அதை மாற்றச் சொன்னேன். பின்னால் சாமைக் கொல்லை பச்சையாக நிற்கும்போது பச்சையில் பச்சை கரைந்துவிடும். மூட்டத்தில் அழுத்தமான நிறங்கள் எடுப்பாக நிற்கும், சிவப்பு, மஞ்சள், அரக்கு. அதனால்தான் அந்த அரக்குப் புடவை. நல்லவேளையாக முந்தின நாள் மழை பெய்திருந்தது. இலையில் புழுதி இல்லை, பாறை எல்லாம் கறுத்துப் பளபளவென்று இருந்தது. மழை விட்ட மறுநாள் மூட்டமாக இருந்தால் அன்று வேறு வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் படம் எடு.

மூட்டத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான் என்று நீ நினைத்தாய். அப்படி இல்லை. வானம் மூடியிருந்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் உன் கையை முகத்துக்கு நேராக நீட்டி, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்று. எந்தப் பக்கம் வரும்போது உள்ளங்கை தெளிகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்க வை. நான் கையை நீட்டிக்கொண்டு சுற்றியதைப் பார்த்து, "இன்னாம்மா, பேய் ஓட்றியா?" என்று கேட்டாய். அதற்குள் தூறல். அப்பா ஜீப்பில் இருந்த நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்து உன் தலைக்கு மேலே பிடித்தார். உடனே உன் முகம் முழுக்க நீலம் ஏறியது. மேலே எது இருக்கிறதோ அதன் நிறம் முகத்தில் இறங்கும், மரத்தடியில் நின்றால் பச்சை இறங்குகிற மாதிரி. தார்ப்பாயை வேண்டாம் என்றேன். தூறல்தானே, இரண்டு நிமிடத்தில் நின்றது.

இன்னொரு சிக்கல். மூட்டத்தில் வெளிச்சம் மேலேயிருந்தே இறங்குவதால் கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்த மாதிரி இருட்டும். ஆளைக் கொஞ்சம் முகம் நிமிர்த்தச் சொல்லலாம். அதோடு, கீழே இருந்து வெளிச்சம் திரும்பி வரும்படி வெள்ளையாக எதையாவது பிடிக்கலாம். அப்பாவை அனுப்பித் துவைத்த வேட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, உன் இடுப்புக்குக் கீழே, படத்தில் வராதபடி விரித்துப் பிடிக்கச் சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி இது, கொழந்த மாடியிலேர்ந்து குதிக்கப்போற மாதிரி புடிக்கச் சொல்றே?" என்றார். நீ சிரித்தாய். பல் தெரியச் சிரித்தாய். நான் அதற்குள் பலாமரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தேன். மூட்டத்தில் போன் படத்தை எடுக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், கை லேசாக அசைந்தாலும் கலங்கிவிடும். திரையில் உன் முகத்தைத் தொட்டேன். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வந்தது, அதைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். வெளுத்த இடமும் மாநிறமும் இரண்டும் அதனதன் நிறத்தில் நின்றன. அழுத்தினேன்.

போனை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்பா இன்னும் வேட்டியை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நீ விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாய் என்று ஓரக்கண்ணில் தெரிந்தது. உதடு, கை, பிறகு கண். கண்ணில் வெகுநேரம்.

"எங்கண்ணு ஒன் கண்ணு மாதிரி கீதும்மா" என்றாய். "இத்தினி நாளு நா பாக்கவே இல்ல. அந்த வெள்ளையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ஸ்டெல்லா, அங்கேதான் நான் தலையில் இருந்த அந்தக் கட்டை இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லது, ஆனால் அது நடக்காமல் போயிருந்தாலும் நான் இன்று சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

பாறை மேல் ஏறி நீயே அனுப்பினாய். நீ எழுதியதை எனக்கும் காட்டினாய். "அந்தப் படம் நான் இல்லீங்க. இதுதான் நான். எனக்கு வெண்புள்ளி இருக்கு. பாத்துட்டு, வர்றதா வேணாமான்னு சொல்லுங்க. எப்படிச் சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்லை." போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வருவதற்குள் மலைமேல் புகை மாதிரி மஞ்சு இறங்கி சிக்னல் போய்விட்டது. அன்று முழுக்க நீ பலாக்கொட்டை உரித்தாய். அப்பா டிரிப் எதுவும் இல்லாத ஜீப்பைத் திரும்பத் திரும்பக் கழுவினார். மறுநாள் காலையில் மஞ்சு விலகியதும் முதலில் அடித்தது அத்தையின் போன்தான். "அல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே! மாப்ளயோட பெரியப்பா காலங்காத்தால எங்கூட்டுக்காரருக்குப் போன் பண்ணிக் கத்தறாரு" என்று அழுதார்கள். அத்தைக்கு உன்மேல் கோபம் இல்லை, பயம். இப்போதும் அவர்களிடம் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே. அவர்கள் அந்த ஸ்டூடியோ படத்தை அனுப்பியதும் பாசத்தில்தான்.

அத்தை வைத்ததும் உன் போன் அடித்தது. நாங்களும் கேட்கும்படி போட்டாய்.

"நாந்தாங்க பேசறேன். போட்டோ பாத்தோம். எங்கம்மா ஒன்னு கேக்கச் சொன்னாங்க."

"கேளுங்க."

"பின்னாடி கீறது சாமையா, தினையாங்க?"

நீ என்னைப் பார்த்தாய். "சாமைங்க" என்றாய்.

"நா அதான் சொன்னேன். அம்மா தினைன்னு அடிச்சிப் பேசினாங்க." பிறகு, "ஞாயித்துக்கெழம வர்றோம்ங்க. ஆனா முன்ன சொன்ன மாதிரி அல்லாரும் வரல. பெரியப்பா வேணாம்னுட்டாரு. நானும் அம்மாவும் மட்டும் வர்றோம். பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க" என்று நீ சொன்னது எங்களுக்கே கேட்கவில்லை. "பரவால்லீங்க!" என்று அப்பா பக்கத்தில் இருந்து கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பஸ் மாறி மாறித் திருப்பத்தூர் வந்து சேர, அப்பா போய் ஏற்றிக்கொண்டு வந்தார். உன் மாமியார் ஜீப்பில் இருந்து இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, நேராக உன்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்ததும் சொன்னார்கள்: "மொத போட்டோவ பாத்து நா பயந்துட்டேன். இவ்ளோ மினுக்கா கீதே, நம்ம மாட்டுக் கொட்டாயில இது எங்க நிக்கும்னு. ரெண்டாவது போட்டோ பாத்தப்பறந்தான் மனுஷி மாதிரி தெரிஞ்சிது." எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் கையை எடுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"வலிக்குமா?"

"வலிக்காதுங்க. வெயில்ல மட்டும் கொஞ்சம் எரியும்."

"பொறக்கற கொழந்தைக்கு வருமா?"

அப்பா எழுந்துகொள்ளப் பார்த்தார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். நீ கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"வரலாங்க. வராமலும் போலாம். யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. வந்துச்சின்னா, அந்தக் கொழந்தைய எப்டி வளக்கணும்னு எனக்குத் தெரியும்."

உன் மாமியார் மகன் பக்கம் திரும்பினார்கள். "நீ இன்னாடா சொல்றே?"

"எனக்குப் போட்டோ பாத்த அன்னிக்கே முடிவு ஆயிடுச்சிம்மா."

"ஆயிடுச்சின்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நா ஒருத்தி நோவ நோவக் கேட்டுக்கினு கீறேன்." பிறகு என்னைப் பார்த்து, "சாப்பாடு ரெடியாங்க? பசிக்குது" என்றார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். என் ஆயுசில் யாரும் சாப்பிட்டதைப் பார்த்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா கல்யாணத்துக்கு வந்து கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். உன்னிடம் பேசவில்லை. அவரைப் பிடிக்க வைக்க வேண்டும் என்று நீ தனியாக எதுவும் செய்யாதே. வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடு, சாப்பாடு போடு, உன் வேலையைப் பார். அவர் ஒருநாள் பேசினாலும் பேசுவார், பேசாமலே இருந்தாலும் இருப்பார். இரண்டிலும் உனக்குக் குறையில்லை. டாக்டர் கொடுத்த மருந்தைத் தடவுவதும் விடுவதும் உன் இஷ்டம். தடவினால் உனக்காகத் தடவு. வெயிலில் போகும்போது முந்தானையை முகத்தில் போட்டுக்கொள், எரியக்கூடாது என்பதற்காக, மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை.

படத்துக்கு வருகிறேன், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் போனிலேயே பெரிதாக்கி எடுக்காதே. மூட்டத்தில் அது மணல் மணலாக உதிரும். நடந்து கிட்டே போ. நீல நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால், எடுத்த பிறகு மஞ்சளை ஒரு சிட்டிகை கூட்டு, கூட்டினது தெரியாத அளவுக்கு. வெயில் நாளில் காலையும் மாலையும்தான் நல்ல நேரம். மூட்டத்தில் நடுப்பகலும் நல்ல நேரம்தான், ஆனால் சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடும், அதற்கு முன்னால் முடித்துவிடு. மஞ்சு இறங்கினால் தூரத்தை விட்டுவிடு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை எடு. வானத்தைப் படத்துக்குள் விடாதே என்று முதலில் சொன்னேன், அதற்கும் ஒரு விலக்கு. மேகம் திரண்டு கறுப்பும் வெள்ளையுமாகப் புரண்டுகொண்டு வந்தால் அன்று வானத்தைத்தான் எடுக்க வேண்டும். மேகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறை, கீழே ஆளும் மாடும் நிழலாக நிற்கட்டும். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பாதே, நாலைந்து எடு. அதில் ஒன்றில்தான் கண் திறந்திருக்கும்.

எழுதியது இவ்வளவோடு முடிந்தது என்று இன்று காலையில் பேனாவை மூடினேன். தூறல் விட்டிருந்தது. சிக்னல் இருக்கிறதா பார்க்கலாம் என்று பாறைக்குப் போனேன். போய் நின்றதும் உன் மாமியாரின் போன்.

"சம்பந்தியம்மா, ஒங்க பொண்ணு பண்றது ஒன்னும் நல்லால்ல" என்று ஆரம்பித்தார்கள். "இன்னாங்க ஆச்சி?" என்றேன்.

"எங்க போனாலும் நின்னு நின்னு தன்னத்தானே போட்டோ எடுத்துக்குது. வரப்புல ஒன்னு, கெணத்தாண்ட ஒன்னு, மாட்டக் கட்டிப் புடிச்சிக்கினு ஒன்னு. அது போன்ல எடமே இல்லையாம். இப்ப எம்பையன் போன்லயும் எடுத்து ரொப்பிடுச்சி. அவன் பேஜாராகி என் போன குடுங்குறான். எதத் தொறந்தாலும் ஒங்க பொண்ணு மூஞ்சிதான் கீது!"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர்கள் சிரித்தது நினைவிருக்கிறது. போனை மடியில் வைத்துக்கொண்டு ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்தது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலேயே கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், சாவியை எடுத்தார்.

"டிரிப் ஒன்னும் இல்லன்னீங்களே, எங்க போறீங்க?"

"திருப்பத்தூரு. மெமரி கார்டு வாங்கணும்."

வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார். இதை மடித்துக் கொடுத்தால் கார்டையும் சேர்த்துக் கவரில் வைத்து அனுப்புவாராம். எது வாங்குவது என்று தெரியுமா என்று கேட்டேன். கடையில் இருப்பதிலேயே பெரியதைக் கேட்டு வாங்குகிறாராம்.

உன் அம்மா